திரி ஊட்டும் நீர்

மாலை வேளையிலே விளக்கேற்றும் இல்லங்களில் நாள்தோறும் ஓர் அற்புதம் நிகழ்கின்றது. கீழே கிடக்கும் எண்ணெய், ஏற்றுவார் எவருமின்றித் திரியின் வழியே தானாக மேலேறிச் சுடருக்கு உணவாகின்றது. சுடர் எவ்வளவு உண்கின்றதோ அவ்வளவே ஏறும், கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பழகிய காட்சியாதலின் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அதே திரியைப் பூச்சாடியின் அடியிற் கோத்துவிட்டாற் செடியும் தனக்கு வேண்டிய நீரைத் தானே எடுத்துக்கொள்ளும். இவ்வுண்மையை நாற்பது வயதைக் கடந்த பின்னரே, அதுவும் நல்லதொரு செடியைப் பறிகொடுத்த பின்னரே, நாம் கற்றுக்கொண்டோம். நிலமில்லாத வீடுகளிலும் மாடி வீடுகளிலும் சாடியிற் பயிர் வளர்ப்போர் பெருகிவரும் இந்நாளில், நாம் கற்றது பிறர்க்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதுகின்றோம்.

அம்மாவின் சாடிகள்

யாழ்ப்பாணத்திலுள்ள எமது வீட்டின் முன் விறாந்தை ஓரத்திலே பதினொரு சாடிகள் இருந்தன. துளசி, கறிவேப்பிலை, புதினா, வல்லாரை ஆகியன ஒவ்வொன்று, பச்சைமிளகாய் இரண்டு, தக்காளி இரண்டு, அந்தூரியம், பிகோனியா, கற்றாழை ஆகியன ஒவ்வொன்று. இவை யாவும் எமது தாயாரின் செல்வங்கள். எழுபது வயதைத் தாண்டியும் காலையும் மாலையும் கிணற்றடியிலிருந்து வாளியிலே தண்ணீர் கொண்டுவந்து, செம்பினால் அளந்து வார்ப்பது அவரின் வழக்கம்.

கடந்த ஆண்டு சித்திரை வெயிலிலே தக்காளிச் செடியொன்று வாடத் தொடங்கியது. “தம்பி, காலமையும் விட்டனான், பின்னேரமும் விட்டனான். பிறகும் ஏன் வாடுது?” என்று தாயார் கேட்டார். “வெயில் கடுமை அம்மா. இன்னும் கொஞ்சம் விடுங்கோ” என்று, எல்லாம் அறிந்தவர் போல நாம் விடை கூறினோம். அவர் இன்னும் விட்டார். செடி இன்னும் வாடிற்று. எட்டாம் நாள் அது பட்டுப்போயிற்று.

பட்ட செடியைச் சாடியிலிருந்து கழற்றி எடுத்தபோதுதான் எமது அறியாமை வெளியாயிற்று. மண்கட்டியின் அடிப்புறம் சேறாகிக் கெட்ட நாற்றம் வீசியது. அங்கிருந்த வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. ஆனால் மண்கட்டியின் நடுப்பகுதியைக் கையால் உடைத்தபோது அது புழுதியாக உதிர்ந்தது. ஒரே சாடிக்குள்ளே வரட்சியும் வெள்ளமும் ஒருங்கே குடியிருந்தன! தாகத்தால் ஒரு பாதியும், மூழ்கியதால் மறு பாதியுமாக அச்செடி மாண்டிருந்தது.

நீரும் வேண்டும், காற்றும் வேண்டும்

இது எவ்வாறு நேர்ந்தது? சாடி மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் நீரை எளிதில் ஏற்பதில்லை. அது சுருங்கிச் சாடியின் சுவரை விட்டு விலகிவிடும். மேலிருந்து வார்க்கும் தண்ணீர் அந்த இடைவெளியால் ஓடி அடித்துளையால் வெளியேறும். தட்டிலே தண்ணீர் வடிவதைக் கண்டு, “போதிய அளவு விட்டாயிற்று” என நாம் திருப்தியடைகின்றோம். நடுவிலிருக்கும் வேருக்கோ ஒரு துளியும் சென்றிராது. வடிந்த நீர் தட்டிலே தேங்கி அடிமண்ணை இரவும் பகலும் ஊறவைக்கின்றது.

வேர்களும் சுவாசிக்கின்றன, அவற்றுக்கும் ஒட்சிசன் வேண்டும். மண்துணிக்கைகளுக்கு இடையேயுள்ள வெளிகள் யாவும் நீரால் நிரம்பிவிட்டாற் காற்றுக்கு இடமில்லை. மூச்சுத் திணறிய வேர் நீரை உறிஞ்சும் வலுவை இழக்கின்றது. அதனால் நீர் மிகுந்த செடியும் நீரற்ற செடியைப் போலவே இலை தொங்கி வாடும். வாட்டத்தைக் கண்டவுடன் மண்ணைத் தொட்டும் பாராது மேலும் தண்ணீர் வார்ப்பவர், நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுக்கின்றார். நாம் செய்ததும் அதுவே.

இவ்விடத்தில் இன்னொரு பழக்கத்தையும் குறிப்பிடல் வேண்டும். நீர் வடிவதற்கென்று சாடியின் அடியிலே கல்லும் ஓட்டுத்துண்டும் நிரப்புவோர் பலர். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளையுடைய கல்லடுக்கினுள் நீர் எளிதில் இறங்காது. மேலேயுள்ள மண் முற்றாக ஊறிய பின்னரே இறங்கும். எனவே கல்லடுக்கு ஈரப்படையைப் போக்குவதில்லை. அதனை உயர்த்தி, வேருக்கு இன்னும் அண்மையிற் கொண்டுவருகின்றது. துளையால் மண் சரியாதிருக்க ஒரு வலைத்துண்டு போதும்.

ஈரம் ஏறி இறங்குவதும் தீங்கே. தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்துத் தோல்போலாகி அழுகுவதைப் பலர் கண்டிருப்பர். காய்க்குக் கல்சியம் போதாமையே அதற்குக் காரணம். சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணற்று நீரில் வளரும் யாழ்ப்பாணத்துச் செடிக்குக் கல்சியப் பஞ்சமா என்று வியக்கத் தோன்றும். ஆனால் கல்சியம் நீரோடு சேர்ந்தே வேரிலிருந்து காய்க்குச் செல்லவேண்டும். ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் வரட்சியுமாக இருந்தால் அப்பயணம் தடைப்படும். ஊட்டம் மண்ணில் இருந்தும் காய்க்கு எட்டுவதில்லை.

அடியிலிருந்து குடிக்கட்டும்

இதற்கு முதற் பரிகாரம் மிக எளிது. அகன்ற பேசின் ஒன்றிலே தண்ணீர் எடுத்து, அடித்துளையுள்ள சாடியை அதனுள் வைக்கவேண்டும். நீர்மட்டம் சாடியின் உயரத்தில் மூன்றிலொரு பங்கு இருந்தாற் போதும். காய்ந்த மண், மை ஒற்றும் தாளைப்போல நீரை அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலே இழுக்கும். இருபது முதல் முப்பது நிமிடத்தில் மேல்மண் கறுத்து ஈரம் காட்டும். அப்பொழுது சாடியை எடுத்து, மிகுநீர் முற்றாக வடியும்வரை சாய்வாக வைத்துப் பின்னர் உரிய இடத்திற் சேர்க்கவேண்டும். மறந்து ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுதல் கூடாது; விட்டால் முன்னே கூறிய வெள்ளநோயே வரும்.

எப்பொழுது மீண்டும் வைப்பது? நாட்காட்டியைப் பார்த்தன்று, மண்ணைப் பார்த்து. சுட்டுவிரலை ஓர் அங்குல ஆழம் செலுத்திப் பார்க்கலாம். அதனினும் நல்லது சாடியைத் தூக்கிப் பார்ப்பது. நீருண்ட சாடியின் பாரமும் காய்ந்த சாடியின் பாரமும் சில நாட் பழக்கத்திலே கைக்குத் தெரிந்துவிடும். மட்சாடி தன் சுவராலும் நீரை ஆவியாக்குவதாற் பிளாஸ்ரிக் சாடியிலும் விரைவிற் காயும் என்பதை நினைவிற் கொள்க.

நாற்றுமேடைத் தட்டுகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. மிளகாய், தக்காளி போன்ற சிறு வித்துக்கள் மேலிருந்து விழும் நீரால் அள்ளுண்டு ஒரு மூலையிற் குவியும். அடியிலிருந்து ஊறும் நீரோ வித்தை அசைப்பதில்லை. மலைநாட்டு இல்லங்களிற் சாளரத்தடியில் வளர்க்கப்படும் ஆபிரிக்க வயலற் போன்ற மயிரடர்ந்த இலைச் செடிகளுக்கும் இது நன்று. குளிர்ந்த நீர் பட்டால் அவற்றின் இலைகளிற் புள்ளி விழும்.

விளக்குத்திரியின் வித்தை

பேசின் முறையால் எஞ்சிய பத்துச் சாடிகளும் தேறின. ஆனால் வேறொரு கவலை வீட்டிலே வளர்ந்துகொண்டிருந்தது. எமது தாயாரின் வலக்கண்ணிற் படர்ந்த வெண்புரையை அகற்றவேண்டுமென வைத்தியர் கூறி மாதங்கள் பல கழிந்துவிட்டன. கொழும்பிலே தமக்கையார் வீட்டில் இரண்டு கிழமை தங்கிச் சத்திரசிகிச்சை செய்வதென்று இருமுறை நாட் குறித்தோம். இருமுறையும் அவர் மறுத்துவிட்டார். “இதுகளை ஆர் பார்க்கிறது?” என்பதே அவரின் கேள்வி. மிளகாய்ச் செடிக்காகக் கண்ணை மங்கவிடுவதா என நாம் கடிந்துகொண்டோம். ஆனாற் பார்வை மங்கிய முதியவருக்குத் தம் கையால் நாள்தோறும் உயிரூட்டும் பத்துச் செடிகள் எத்துணைப் பெரியன என்பதைக் கடிந்த பின்னரே உணர்ந்தோம். செடிகளுக்கு வழி காணாமற் கண்ணுக்கு வழியில்லை என்பது தெளிவாயிற்று.

அப்பொழுது வகுப்பிலே நாம் கற்பித்துக்கொண்டிருந்தது மயிர்த்துளை எழுகை. நீர்த்துணிக்கைகள் தம்முள் ஒன்றையொன்று கவர்வதாலும், தாம் தொடும் சுவரைக் கவர்வதாலும், ஒடுங்கிய குழாயில் நீர் புவியீர்ப்பை எதிர்த்து மேலேறும். குழாய் எவ்வளவு ஒடுங்குகின்றதோ அவ்வளவு உயரம் ஏறும் என்பதனை இங்கிலாந்து மருத்துவர் யேம்ஸ் யூரின் 1718 ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து விளக்கினார். 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் உயரும். விட்டம் அதிற் பத்திலொன்றானால் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரும். நூலிழைகளுக்கு இடையேயுள்ள நுண்வெளிகளும் மண்துணிக்கைகளுக்கு இடையேயுள்ள நுண்வெளிகளும் இத்தகைய குழாய்களே. கரும்பலகையில் ஆண்டுதோறும் இதனை வரைந்த நாம், வீட்டு விறாந்தைக்கு அதனைக் கொண்டுசெல்ல எண்ணியதில்லை!

மாணவர் துணையோடு ஒரு சிறு பரிசோதனை செய்தோம். பருத்தித் திரி, தென்னந் தும்புக் கயிறு, நைலோன் பின்னற் கயிறு, பழைய பொலியெஸ்ரர் துணிக்கீற்று ஆகியவற்றை மை கலந்த நீரிலே தொங்கவிட்டோம். பருத்தி விரைந்து ஏற்றியது. பின்னற் கயிறும் துணிக்கீற்றும் நன்றாக ஏற்றின. முறுக்கிய தும்புக் கயிறு சோம்பிநின்றது. ஆயினும் ஈரமண்ணிற் கிடக்கும் பருத்தி சில மாதங்களில் உக்கிவிடும். செயற்கை இழையோ நெடுநாள் நிலைக்கும். ஆகவே மென்மையாகப் பின்னப்பட்ட நைலோன் கயிற்றையே தெரிந்தெடுத்தோம்.

செய்யும் முறை

திரியை முதலில் நீரில் நனைத்துப் பிழியவேண்டும். உலர்ந்த திரி நீரை ஏற்கத் தயங்கும். பின்னர் அதனை அடித்துளையாற் செலுத்தி, ஒரு முனை சாடியின் நடு உயரம் வரை நிற்க, மற்றைய முனை வெளியே தொங்கச் செடியை நடவேண்டும். ஏற்கெனவே நட்ட செடியாயின், மண்கட்டியோடு மெல்லக் கழற்றி, ஒரு குச்சியினால் திரியை உள்ளே செலுத்தலாம். ஐந்து அங்குலச் சாடிவரை ஒரு திரி போதும். பெரியவற்றுக்கு இரண்டு வேண்டும்.

கீழே மூடியுள்ள பிளாஸ்ரிக் பாத்திரமொன்று நீர்த்தொட்டியாகும். ஐஸ்கிறீம் வந்த இரண்டு லீற்றர்ப் பெட்டிகளை நாம் பயன்படுத்தினோம். மூடியின் நடுவே திரி மட்டும் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, மூடியின்மேற் சாடியை வைத்தோம். சாடியின் அடி நீரைத் தொடுதல் கூடாது. திரி மட்டுமே தொடவேண்டும். நீருக்கும் சாடிக்கும் இடையேயான தூரம் ஐந்தாறு அங்குலத்தைத் தாண்டாதிருப்பது நல்லது. ஒளி புகும் பாத்திரத்தில் பாசி பிடிக்குமாதலின், கறுப்புத் தாளாற் சுற்றினோம். இவையெல்லாம் ஆயத்தமானதும், ஒருமுறை மேலிருந்து நன்றாகத் தண்ணீர் வார்த்து மண்ணையும் திரியையும் இணைக்கவேண்டும். இதனை மறந்தால் நீரோட்டம் தொடங்காது.

மண் இலேசானதாக இருத்தல் இன்றியமையாதது. தும்புத்தூள், மட்கிய எரு, பருமணல் என்பன கலந்த மண் நீரையும் ஏந்தும், காற்றையும் விடும். தனிச் செம்பாட்டு மண் திரியினால் சேறாகிவிடும்.

இரு கிழமைத் தேர்வு

ஓகஸ்ட் விடுமுறையிலே, சோளகக் காற்று வீசும் காலத்திற் பயணம் அமைந்தது. புறப்படுமுன் சில நாட்கள் அளந்து பார்த்ததில், ஆறங்குலச் சாடியிலிருந்த மிளகாய் நாளொன்றுக்கு 100 மில்லிலீற்றர் அளவில் நீருண்டது. பதினைந்து நாளுக்கு ஒன்றரை லீற்றர்; பெட்டியோ இரண்டு லீற்றர். கணக்குச் சரியாயிற்று. எட்டுச் சாடிகளுக்குத் திரியிட்டு, வெயில் நேரே படாத சுவரோரத்தில் வைத்தோம். ஈரத்தை வெறுக்கும் கற்றாழையை அப்படியே விட்டோம்.

பெரிய சாடியிலிருந்த கறிவேப்பிலைக்கு வேறு வழி செய்தோம். மெருகிடாத சிறு மண்முட்டி ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை இறுக மூடினோம். முட்டியின் சுவரால் நீர் மெல்லக் கசிந்து சுற்றியுள்ள மண்ணை நனைக்கும். இது புதிய வித்தையன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண்மை நூலொன்று, நீர்நிறைந்த மட்குடத்தைப் புதைத்து அதனைச் சுற்றி முலாம்பழ வித்துக்களை நடும் முறையை விவரிக்கின்றது.

சத்திரசிகிச்சை நலமே நிறைவேறிற்று. குனிவதும் பாரந் தூக்குவதும் சில கிழமைகளுக்கு ஆகாவென வைத்தியர் விதித்தார். வீடு திரும்பியதும் தாயார் பெட்டியைக்கூட இறக்கவிடாது விறாந்தைக்குச் சென்றார். ஆறு சாடிகள் குறையின்றி நின்றன. தக்காளி இரண்டு பிஞ்சு பிடித்திருந்தது. புதினாவின் பெட்டி வற்றி, அது தலை சாய்ந்து கிடந்தது. காற்றின் வேகத்தை நாம் கணக்கிற் சேர்க்கவில்லை. பேசினில் அரைமணி நேரம் வைக்க அது நிமிர்ந்தது. ஒரு மிளகாயின் அடியிலைகள் மஞ்சளாகியிருந்தன. அச்சாடியின் செம்பாட்டு மண்ணை மாற்றாது விட்டது எமது சோம்பல். கறிவேப்பிலை புதுத் தளிர் விட்டிருந்தது. கற்றாழைக்கு நாம் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

நுளம்பும் உப்பும்

இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, எமக்கே வெட்கந் தரும் ஒன்று. முன்னொரு மழைக்காலத்திலே எமது வீட்டைப் பார்வையிட வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சாடியின் அடித்தட்டைச் சாய்த்துக் காட்டினார். அதிலே நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. வகுப்பிலே டெங்கு ஒழிப்பைப்பற்றி உரை நிகழ்த்திய ஆசிரியரின் வீட்டு விறாந்தை அது! 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 180,000 இற்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகி, 400 இற்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர் என்பதை எவரும் மறத்தலாகாது. நுளம்பு பெருக இடங்கொடுத்தல் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரிலே முட்டையிடும். அம்முட்டை உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தட்டிலுள்ள நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும். திரிப்பாத்திரத்தின் மூடியிலே திரியைச் சுற்றிச் சிறிதும் இடைவெளி இருத்தல் ஆகாது. மூட இயலாதாயின் திரிமுறையையே கைவிடுக.

இரண்டாவது, உப்பு. நீர் எப்பொழுதும் கீழிருந்து மேலேறி ஆவியானால், அது சுமந்துவந்த உப்புகள் மேல்மண்ணிலே தங்கும். எமது கிணற்று நீர் வன்னீராதலின் சில கிழமைகளில் வெண்ணிறப் படலம் தோன்றும். மாதத்துக்கு ஒருமுறை மேலிருந்து தாராளமாக நீர் வார்த்து, அடியால் வழிந்தோடவிட்டால் அது கழுவப்படும். மழைநீர் கிடைத்தால் இன்னும் சிறப்பு. ஐப்பசி பிறந்து மாரி தொடங்கியதும் திரிகளுக்கு ஓய்வு கொடுத்து, சாடிகளை மழையில் நனையவிடலாம்.

தேர்வு நெருங்கும்போது இரவு பகலாகப் படித்து, மற்றைய காலமெல்லாம் புத்தகத்தைத் தொடாத மாணவரைக் காணும்போது, இப்பொழுது எமக்கு அந்தத் தக்காளிச் சாடியே நினைவுக்கு வருகின்றது. நாள்தோறும் சிறிது ஏறும் கல்வியே வேரிற் சேரும். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சாடியையும் ஒரு முழத் திரியையும் எடுத்து இதனைத் தம் வீட்டிற் செய்து பார்த்தல் நன்று. பாடத்தின் ஒரு பக்கம் கண்முன்னே உயிர்பெறும்.

எமது தாயாரோ திரும்பிவந்த அன்று, தெளிந்த கண்ணோடு சாடி சாடியாகப் பார்த்து, மண்ணை விரலால் தொட்டு, சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “நான் விட்டதிலும் பார்க்க நல்லாய் நிக்குது” என்றார். அதிலே மகிழ்ச்சியோடு சிறிது வருத்தமும் கலந்திருந்ததை நாம் கவனித்தோம். அதனால் துளசிச் சாடியின் திரியை மட்டும் கழற்றிவிட்டோம். மற்றவை திரியிலே குடிக்க, துளசிக்கு இன்றும் அவரே செம்பினால் வார்க்கின்றார். வார்க்குமுன் மண்ணை ஒருமுறை தொட்டுப் பார்க்கின்றார்.